பெட்ரோல் மூடி அவன் பொறுப்பு

கலையரசி கார் ஓட்டுவாள், அவள் புருஷன் நவநீதன் பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரிவான். ஒரு வருஷமாக அந்த வீட்டில் நடப்பது இதுதான்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ ஃபேக்டரி. அவன் கட்டிங் செக்ஷனில் பதினாலு வருஷமாகத் தோல் வெட்டுகிறான். அவளோ ஸ்டிச்சிங்கில் சேர்ந்து ஏழே வருஷத்தில் சூப்பர்வைசர். போகட்டும், அதையாவது பொறுத்துக்கொண்டான். பழைய கார் ஒன்று வாங்கி இருவரும் சேர்ந்துதானே ஓட்டப் பழகினார்கள்? அவள் முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவன் ரெண்டு தடவை ஃபெயில். "கண்ணாடியப் பாக்காமலே ரிவர்ஸ் எடுக்கறியே, பின்னாடி இன்னா வருதுன்னு ஜோசியமா பாப்பே?" என்று டெஸ்ட் எடுத்தவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அவனுக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. பெட்ரோல் போடும்போது இறங்கி மூடியைத் திறப்பதும் மூடுவதும் நவநீதன்தான். பங்க் ஆட்களைத் தொடவே விடமாட்டான். "இது என் டிபார்ட்மென்ட்டு" என்பான்.

ஒரு ஞாயிறு காவேரிப்பாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, வாலாஜாபேட்டை தாண்டி ஒரு பங்கில் நிறுத்தினார்கள். மூடியைப் பிடித்திருந்த வார் அறுந்து மாசக்கணக்காகிறது. கழற்றிய மூடியை அவன் கார் மேல் வைத்தான். பெட்ரோல் போட்ட பெண்ணின் சட்டையில் ஆரோக்கியமேரி என்று பேர் போட்டிருந்தது. அவள் ஜன்னலில் குனிந்தாள்.

"அக்கா, நீங்களேவா ஓட்டினு வர்றீங்க? ஹைவேல பயமா இல்ல?"

"மொதல்ல பயந்தான். அப்புறம் பழகிடுச்சு."

"எனக்கும் கத்துக்கணும்னு ஆசக்கா. சார் குடுத்து வெச்சவரு, ஜாலியா உக்காந்துனு வர்றாரு."

ஜாலியாம்! நவநீதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்ரோல் மூடிக்கு மேலே இருக்கும் வெளிக்கதவைப் படாரென்று சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தான். மூடி கார் மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஃபேக்டரி பார்க்கிங்கில் பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. திறந்து பார்த்தால் மூடி இல்லை. அந்த நொடியே அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இருக்கிற ஒரே வேலையிலும் கோட்டை விட்டான் என்று தெரிந்தால் மானம் போய்விடாதா?

"எவனோ திருடினு போய்ட்டான்" என்றான். "வாட்ச்மேன் சம்பந்தம் இன்னா பண்ணினு இருந்தாரு? தூங்கினு இருந்திருப்பாரு."

கலையரசி அவன் பக்கம் திரும்பினாள். "நேத்து நல்லாத் திருகினீங்களா?"

"என் டிபார்ட்மென்ட்ல நான் தப்பு பண்ணுவனா?"

 அவள் ஒரு பாலிதீன் கவரை எடுத்து டேங்கின் வாயில் கட்டி ரப்பர் பேண்டு போட்டாள். சாவி போட்டுப் பூட்டுகிற மூடியாக ஒன்று ஆன்லைனில் ஆர்டர் பண்ணினாள். அந்த வாரம் முழுக்க கட்டிங்கில் கூட வேலை செய்யும் சர்தார் பாஷா கிண்டலை விடவில்லை. "இன்னா தோஸ்த், காரைப் பார்சல் கட்டிட்டியாமே?"

அடுத்த ஞாயிறு காலை வீட்டு வாசலில் புது மூடி வந்து நின்றது. "துணி எடுங்க, நான் மாட்டறேன்" என்றாள் கலையரசி. துணி எடுத்துக் கொடுக்கும் நிலைமைக்கு வந்தாயிற்று! அவள் கவரைப் பிரித்து, விளிம்பைத் துடைத்து, மூடியின் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்துத் திருகினாள்.

"நாளைக்கு சம்பந்தத்து மேல எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். "சூப்பர்வைசர் எழுதினா சும்மா விடமாட்டாங்க. வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

நவநீதனுக்கு வாட்ச்மேனின் முகம் கண்ணில் வந்தது. சம்பந்தத்துக்கு அறுபது வயசு. கேட்டில் கார் நுழையும்போது இருவருக்கும் சல்யூட் வைப்பார். ஆனால் முதலில் அவனுக்கு வைப்பார். இந்த உலகத்தில் அவனை முதலில் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

"வேணாம். எழுதாத."

"ஏன்?"

"அவர் மேல தப்பில்ல. நான்தான் கார் மேல வெச்சு மறந்துட்டேன். அந்த பங்க் பொண்ணு உன்னைத் தலைல தூக்கி வெச்சுனு ஆடினா, எனக்கு வயிறெரிஞ்சுது. எல்லாத்துலயும் நீதான். நான் இன்னா, சீட்டுக்கு உறையா?"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பங்கை விட்டு ரோட்ல ஏறும்போதே மூடி உருண்டு போறதக் கண்ணாடில பாத்தேன். பின்னாடி லாரி, நிறுத்த முடியல. நான் சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சுப்பீங்க. நீங்களே சொல்லுங்கன்னு ஒரு வாரமா இருக்கேன்."

"அப்ப கம்ப்ளெயின்ட்டு?"

"ஒரு வரி எழுதல. எழுதவும் மாட்டேன்."

வெட்கப்படவேண்டிய நேரம்தான். ஆனால் பாழாய்ப்போன மனசுக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருக்க இவளால் முடிந்திருக்கிறதே! அவனால் ஒரு மணிநேரம் முடியாது.

கலையரசி மூடியை மறுபடி கழற்றி, ரெண்டு சாவியோடு அவன் கையில் வைத்தாள். "இந்தாங்க. உங்க டிபார்ட்மென்ட்டு."

கடக்கென்று சத்தம் வரும்வரை திருகினான். பூட்டினான். இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. ஒரு சாவியைத் தன் பைக் சாவியோடு கோத்துக்கொண்டு மற்றதை அவளிடம் நீட்டினான்.

"இது உங்கிட்ட இருக்கட்டும்" என்றான். "எனக்குதான் கண்ணாடி பாக்கத் தெரியாதே."