நோரா மூச்சுவிடும் இடம்

திரையில் அவள் வாய் திறக்கிறது, சத்தம் இல்லை, மூடுகிறது, மறுபடி திறக்கிறது, நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நோரா பெல்கம் என்னையே பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், சாலிகிராமத்தில் ஒரு மாடியில், ஏசி போட்ட சின்ன அறைக்குள், மைக்குக்கு முன்னால் நான் நிற்கிறேன், முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் ஓட்டுவார் ஒலிப்பதிவாளர் ஜெரால்டு அண்ணா, உதட்டை மட்டும் பாரும்மா என்பார், பார்க்கிறேன், எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேய நடிகையின் உதடு, அது அசைகிற இடத்திலெல்லாம் என் தமிழ் போய் உட்கார வேண்டும், உட்காருமா, தெரியவில்லை, போன வாரம் வரைக்கும் நான் கூட்டத்துக் குரல்தானே, டப்பிங் சீரியல்களில் கல்யாண வீட்டில் பின்னால் நின்று பொண்ணு வந்தாச்சு என்று கத்துகிற குரல், பேருந்து கவிழ்ந்தால் ஐயோ என்கிற குரல், கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் வராத குரல்.

நோரா தன் வாழ்க்கையைத் தானே சொல்கிற நீண்ட ஆவணப்படம் இது, அதைத் தமிழில் கொண்டுவருகிறார்கள், பழைய படங்களில் ஓடுகிற இளம் நோரா, தொலைக்காட்சித் தொடரில் வருகிற நடுவயது நோரா, நாற்காலியில் சாய்ந்து பேசுகிற இந்த நோரா, எல்லோருக்கும் ஒரே குரல்தான் வேண்டும் என்று டப்பிங்கைக் கவனிக்கிற வசுமதி மேடம் பிடிவாதமாக இருக்கிறாராம், எங்கள் சாயங்கால டப்பிங் வகுப்பில் இந்தச் செய்தி வந்ததும் எல்லோரும் யார் யாரையோ சொன்னார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தில்ஷாத் மட்டும் என் தோளில் இடித்தாள், நீ போடி, உனக்குத்தான் குரல்ல வயசே தெரியாது, ஃபோன்ல நீ பேசினா எங்கம்மா இன்னும் என் ஸ்கூல் மிஸ்ஸுனு நெனச்சு எழுந்து நிக்குது. சிரித்தேன், குரல் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன், கொடுத்த நிமிடத்திலிருந்து பயந்தேன்.

அன்றிலிருந்து நோராதான், பகலில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் கைபேசியில் நோரா, வசனத்தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகிறேன், இங்கே உதடு ஒட்டுகிறது, இங்கே முகம் திரும்புகிறது, இங்கே பாதி வார்த்தையில் நிறுத்துகிறாள், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது, எதையாவது விட்டுவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும், அதனால் திரும்பவும் முதலிலிருந்து, மேகம் கவிந்த ஒரு கடலோர ஊர், அவளுடைய அப்பா படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர், அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில் படகு வருவதைச் சிறுமி நோரா படியேறி நின்று கூவிச் சொல்வாள், ஊருக்கு வந்த நாடகக் குழுக்காரர் ஒருவர் அந்தக் கூவலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், அப்புறம் மேடை, அப்புறம் சினிமா, மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு துறைமுகப் படிகளில் அவள் ஓடி இறங்குகிற காட்சியைப் பார்க்க லண்டனில் மழையில் வரிசை நின்றதாம், நான் எண்ணூர்க்காரி, எங்கள் பக்கத்துக் கடலில் அப்படிப் படிகள் இல்லை, கருங்கல் கொட்டிய கரைதான், ஆனாலும் இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்தப் படிகள் எண்ணூரில் இருக்கின்றன, மஞ்சள் கோட்டுக்குள் நான் வேர்த்து ஓடுகிறேன், ஷேர் ஆட்டோவிலிருந்து என் அப்பா தலையை நீட்டி ஏய் மெதுவா இறங்கு, வழுக்கும் என்கிறார், ஆங்கிலத்திலா தமிழிலா, ஞாபகம் இல்லை, எது அவளுக்கு நடந்தது, எது எனக்கு.

நாற்பது வயதுக்கு மேல் நோராவை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. வருஷங்கள் போயின, திரைச்சீலைத் துணி விற்கிற கடையில் நின்றாள், ஒருநாள் துணி வாங்க வந்தவள், நீங்கள் அந்த நோரா பெல்கம் மாதிரியே இருக்கிறீர்கள் என்றாளாம், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இவள் துணியை அளந்து வெட்டினாளாம், எங்கள் கடைக் கண்ணாடிகளின் நடுவில் நின்று அதை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன், பிறகுதான் நோராவுக்கு அந்த ஃபோன் வந்தது, தொலைக்காட்சித் தொடரில் ஒரு கிராமத்துத் தபால்காரி வேஷம், சில வாரம் வந்தால் போதும் என்றார்கள், அது வருஷக்கணக்கில் ஓடியது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அந்த நாடே அவளோடு உட்கார்ந்து தேநீர் குடித்தது. இப்போது நான் பேச வேண்டியது அந்தக் கடையிலிருந்து ஃபோன் வரைக்கும்.

பேசினேன், பென்சில் குறிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை, முடித்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன், வசுமதி மேடம் பேனாவை மூடித் திறக்கிறார், மூடித் திறக்கிறார், அப்புறம் ஹெட்ஃபோனில் அவர் குரல், லிப்பெல்லாம் பக்காம்மா, ஆனா அந்தம்மா மூச்சே விடலியே, பொணம் பேசற மாதிரி இருக்கு. எனக்குப் புரிகிறது, கூட்டத்துக் குரல் கொடுக்கிறவர்கள் மைக்கில் மூச்சு விடக்கூடாது, அத்தனை பேர் மூச்சும் சேர்ந்தால் புயல் மாதிரிக் கேட்கும், அதனால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்கப் பழக்கியிருக்கிறார்கள், நான் நன்றாகப் பழகிவிட்டேன், வகுப்பிலேயே நான்தான் சுத்தம் என்ற பெயர், இங்கேயும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முகத்தைத் திருப்பித் திருப்பி வாங்கியிருக்கிறேன், ஆனால் தமிழ் ஏறும்போது அவளுடைய ஆங்கிலத்தோடு அவளுடைய மூச்சையும் சேர்த்துத்தான் எடுத்துவிடுகிறார்கள், நான் கொடுக்காவிட்டால் அவளுக்கு மூச்சு ஏது.

இன்னொரு தடவை பாப்போம், அதுக்கு மேல டைம் இல்ல என்கிறார் மேடம். வெளியே சோபாவில் ஒரு பெரிய டப்பிங் கலைஞர் காத்திருக்கிறார், கதவு திறந்தபோது அவருடைய வளையல் சத்தம் உள்ளே வந்தது, ஒரே தடவையில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகக்கூடியவர், இந்தத் தடவையும் சரியாக வராவிட்டால் நோரா அவருடையவள், நான் மறுபடி கல்யாண வீட்டுக்குப் பின்னால். ஜெரால்டு அண்ணா ஓட்டுகிறார், நான் உதட்டைப் பார்க்கவில்லை, உதடுதான் மனப்பாடமாயிற்றே, அவள் தோளைப் பார்க்கிறேன், கடை என்று சொல்வதற்கு முன்னால் தோள் ஏறுகிறது, ஏறி நிற்கிறது, சொல்லி முடித்த பிறகும் இறங்க மறுக்கிறது, என் தோளும் ஏறுகிறது, முகத்தைத் திருப்பவில்லை, அவளோடு நின்று, அவளோடு இறங்கி, ஃபோனுக்கு வருகிறோம்.

ஃபோன் அடிச்சது, உடனே எடுக்கல, காத்துக்கிட்டே இருந்தேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாது பாருங்க.

அவள் சிரிக்கிறாள், தாளில் சிரிப்பு எழுதப்படவில்லை, என்னிடமிருந்து வந்துவிட்டது, மூக்கு வழியாகக் கொஞ்சம், நெஞ்சிலிருந்து கொஞ்சம், ஏனென்றால் இந்தத் தேர்வுக்கு இங்கேயிருந்து கூப்பிட்டபோது நானும் கடைக் கல்லாவுக்குப் பின்னால் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடிக்க விட்டவள்தான், அடுத்த வாடிக்கையாளர் எடுங்களேம்மா என்று அதட்டினார், கெடுத்துவிட்டேனோ, சிரித்திருக்கக் கூடாதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனா அசையவில்லை.

ஹெட்ஃபோனில் வசுமதி மேடம் மெதுவாக, அந்தச் சிரிப்பை அப்படியே வெச்சுக்கோங்க ஜெரால்டு, வெளியில இருக்கறவங்ககிட்ட நான் போய்ப் பேசிக்கறேன், நீங்க பாப்பாவுக்கு அடுத்த சீன் போடுங்க.

திரை இருண்டு வெளிச்சமாகிறது, கடல், படிகள், மஞ்சள் கோட்டு, பத்தொன்பது வயது நோரா உச்சிப் படியில் நின்று யாரையோ கூப்பிட வாய் திறக்கிறாள், ஜெரால்டு அண்ணா அங்கேயே நிறுத்துகிறார், திறந்த வாயோடு நிற்கிறாள், காற்றில் பறந்த முடி காற்றிலேயே நிற்கிறது, ரெடியா என்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது, நான் மூச்சை இழுக்கிறேன், மைக்குக்கு நேராக.