முக்கிய விருந்தினருக்கான கழிப்பறை

கொங்கணத்துச் சுற்றுப்பயணம் என்றால் நாடகக் குழுவின் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. முதல் பயணத்தில் குடித்துவிட்டு அவதிப்பட்டவள் இரண்டாவது பயணத்தில் தானாகவே வாயைக் கட்டிக்கொள்வாள்.

அங்கே ஒரு மாவட்டத் தலைநகரின் அரங்கத்துக்கு வாசலில் கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, திறந்துவைத்தவர்களின் பெயர் பொறித்த பளிங்குப் பலகை எல்லாம் உண்டு. மேடைக்குப் பின்னால் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையின் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனவளுக்காக இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தரையில் எப்போதும் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். மிதித்துப் போக யாரோ செங்கல் போட்டிருந்தார்கள். மூலையில் மூடியில்லாத குப்பைத்தொட்டி. முந்தைய வாரம் வந்த குழுவின் பெண்கள் பேப்பரில் சுற்றிப் போட்டதை எலி பிரித்து வைத்திருந்தது. பேசினில் வெற்றிலைச் சாறு காய்ந்து தோலாகியிருந்தது. இதை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஒப்பனை அறை. இடைவேளைக்கான உருளைக்கிழங்கு வடையும் தேநீரும் அங்கேதான் வரும். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு தின்பார்கள்.

தவிர்க்கவே முடியாதபோது ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. செட்டுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பழைய படுதாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு குழுவில் கடைசியாகச் சேர்ந்த பெண் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வருவாள். கேதகி சப்னிஸ் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் அதைச் செய்தாள். பல்கலைக்கழகத்தில் நாடகக்கலை முதுகலை படிக்கிற பெண் என்பதால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வதில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது.

இப்போது அவள் மேலே வந்திருந்தாள். காலையில் வகுப்பு, பிற்பகலில் தாதரில் குழுவின் அலுவலகம், சனி, ஞாயிறுகளில் பேருந்து. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனை மடியில் மறைத்தபடி அரங்கத் தேதிகளைப் பேசி முடிப்பாள். வருகைப்பதிவு குறைந்தபோது துறைத்தலைவரிடம் அழுது சரிக்கட்டினாள். இறுதி ஆண்டுச் செய்முறைத் தேர்வுக்கு மற்ற மாணவர்கள் கல்லூரிக் கூடத்தில் ஓரங்க நாடகம் போட்டுக்காட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தொழில்முறை நாடகம் ஒன்றின் விளம்பரத்தில் 'சூத்ரதார்' என்று பெயர் வந்தவர்கள் அதையே செய்முறையாகக் காட்டலாம் என்று விதி இருந்தது. நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் நடத்திக்கொடுக்கிற நிர்வாகிக்கு அங்கே அந்தப் பெயர்தான். அப்படியொரு விளம்பரத்தோடு வரும் மாணவர் அபூர்வம். தயாரிப்பாளர் விஷ்வாஸ் நாட்கர்ணி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் பயணத்தைப் பிசகில்லாமல் அவள் தனியாக நடத்திக்காட்டினால் அடுத்த மாதம் வரும் புது நாடகத்தின் விளம்பரத்தில் அவள் பெயர்.

பேருந்தில் நீலாம்பரி கர்வே வெளிப்படையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தாள். கதாநாயகி, ஐம்பதைத் தாண்டியவள். குழுவில் எல்லோருக்கும் அவள் 'தாயி', அதாவது அக்கா. இத்தனை வருடம் அடக்கி அடக்கிச் சிறுநீரகத்தில் கல்லும் சீழும் சேர்ந்துவிட்டதாகவும், இனியும் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில்தான் அடுத்த நாடகம் என்று டாக்டர் திட்டியதாகவும் கேதகியிடம் சொன்னாள். "இடைவேளைல எனக்கு ஒரு வழி பண்ணிடு கண்ணு. நீதானே இப்ப பெரிய மனுஷி" என்றாள்.

ஊருக்கு வந்து இறங்கியதும் கேதகி நேராகக் கழிப்பறையைப் பார்க்கப் போனாள். பார்த்துவிட்டு அரங்க மேலாளர் மகாடிக்கிடம் வந்தாள். ஃபினாயில் ஊற்றச் சொல்கிறேன் என்றார் அவர். அங்கே ஊற்ற ஃபினாயில் போதாது என்றாள்.

"போன வாரம் வந்தவங்க ஒண்ணும் சொல்லலையேம்மா. அவங்களும் பொம்பளைங்கதானே?"

"மாடில பால்கனிப் பக்கம் ஒண்ணு பூட்டியிருக்கே?"

"அது சீஃப் கெஸ்டுக்கு. இன்னைக்கு நானாசாகேப் வர்றாரு. காலைலதான் கழுவி வெச்சிருக்கு, ஒரு ஈ கூட உள்ள போகக்கூடாது."

கழுவி முடித்தவன் கதவைச் சாத்தும் முன் அவள் எட்டிப் பார்த்திருந்தாள். வெள்ளைத் துண்டு, உறை பிரிக்காத சோப்பு, காய்ந்த தரை, மல்லிகை வாசனை. முன்னாள் அமைச்சரான நானாசாகேப் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை அதில் சிறுநீர் கழிப்பார். மற்ற நாட்களில் அது பூட்டிக்கிடக்கும்.

நாடகம் சரியான நேரத்துக்குத் தொடங்கியது. மூன்றாவது மணியைக் கேதகிதான் அடித்தாள். அரங்கம் நிறைந்திருந்தது. சொத்தைப் பிரித்துக் கேட்கும் மகன்களிடம் ஒரு விதவைத் தாய் மானத்தைப் பற்றிப் பேசுகிற காட்சிக்கு வழக்கம்போலக் கைதட்டல் வந்தது. இடைவேளைக்குத் திரை விழுந்ததும் அந்தத் தாயாக நடித்த நீலாம்பரி பக்கவாட்டில் வந்து கேதகியின் முழங்கையைப் பிடித்தாள். பிடியில் நகம் பதிந்தது. அரிதாரத்தின்மேல் வியர்வை கோடு போட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் சொல்லாமலேயே வாளியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இன்னும் இரண்டு பேர் படுதாவை விரித்தார்கள். உதறியபோது பழைய மூத்திர நெடி வந்தது.

கேதகி மேலாளரின் அறைக்குப் போனாள். யாரும் இல்லை. மகாடிக் மாலையோடு வாசலில் காத்திருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து, நீலாம்பரியை மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

நானாசாகேப் அந்த நேரத்தில்தான் வந்தார். காரில் நெடுந்தூரம் வந்த வயதானவர். வந்ததும் அவருக்கும் அங்கேதான் போகவேண்டியிருந்தது. கூடவே பத்துப் பதினைந்து பேர் படியேறினார்கள். உள்ளே தாழிட்டிருந்தது. வலியுள்ளவளுக்கு அவசரப்படவும் முடியாது. மகாடிக் கதவைத் தட்டினார். ஒருவன் உதைத்தான். கேதகி குறுக்கே நின்று, "உள்ள தாயி இருக்காங்க, உடம்பு சரியில்ல" என்றாள். விஷ்வாஸ் மூச்சிரைக்க ஓடிவந்தபோது கதவு திறந்தது. நரைத்த விக், ஒன்பது கஜப் புடவை, விதவைக் கோலத்தில் நீலாம்பரி வெளியே வந்தாள். நானாசாகேப் கைகூப்பி, உங்கள் நாடகத்தைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். அவரளவில் விஷயம் அவ்வளவுதான்.

கீழே ஒப்பனை அறையில் அது முடியவில்லை. தீபாவளிக்கு அரங்கத் தேதிகளை ஒதுக்குகிற கமிட்டியில் நானாசாகேப்தான் தலைவர் என்று விஷ்வாஸ் வடைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார். சாவியைத் திருடியவர்கள் மேல் புகார் எழுதப்போவதாக மகாடிக் சொன்னார். விஷ்வாஸ் நடிகையிடம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"தாயி, நீங்க கேட்டீங்களா?"

நீலாம்பரி கண்ணாடியைப் பார்த்து வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் எதுக்குக் கேக்கப்போறேன்? வாளி போதும்னுதான் சொன்னேன். இந்தக் காலேஜுப் பொண்ணுங்க கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா நான் என்ன பண்றது?"

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். படுதா பிடித்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஒருவன் தேநீரை உறிஞ்சினான்.

விஷ்வாஸ் கேதகியைத் தனியே அழைத்து இதமாகவே பேசினார். நாடகம் முடிந்ததும் நானாசாகேபுக்குச் சால்வை போடும் மரியாதை உண்டு. அப்போது தேங்காய்த் தட்டோடு மேடைக்கு வந்து, மைக்கில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் மகாடிக்கையும் சமாளித்துவிடலாம். நானாசாகேப் மன்னிப்புக் கேட்கச் சொன்னாரா என்றாள். பெரியவர்கள் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்றார் விஷ்வாஸ். "விளம்பரம் நாளைக்கு அச்சுக்குப் போகுது கேதகி. பேர் போடட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

இரண்டாம் பாதி முழுவதும் அவள் பக்கவாட்டில் நின்று சைகை கொடுத்தாள். ஒரு விளக்கு கூடத் தவறவில்லை. மேடையில் நீலாம்பரி, பசித்தாலும் குனியாதே என்று மகளுக்குச் சொன்னாள். மகளாக நடித்தவள் படுதா பிடித்தவர்களில் ஒருத்தி. முன்வரிசையில் கண் துடைத்துக்கொண்டார்கள். கேதகி அடுத்த விளக்குக்குச் சைகை காட்டினாள்.

திரை மறுபடியும் உயர்ந்தபோது அவள் தட்டோடு போனாள். மைக்கை வாங்கினாள். அனுபவமில்லாத மாணவி நான், ஆர்வக்கோளாறில் விருந்தினரின் அறையைத் திறந்து நானாசாகேபைக் காக்கவைத்துவிட்டேன், பெரிய மனது பண்ணி மன்னிக்கவேண்டும் என்றாள். கூட்டம் சிரித்தது. நானாசாகேப் எந்த அறை என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் காதில் சொன்னதும் தானும் சிரித்து, அவள் தலையில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது. சால்வையை நீலாம்பரிதான் போர்த்தினாள்.

செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நீலாம்பரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம்மேல கோவமா?"

"இல்ல தாயி."

"அரசாங்க விருதுக்கு என் பேர் போயிருக்கு. கமிட்டில அவரு ஆளுங்க ரெண்டு பேரு. என் எடத்துல நீ இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கேதகி படுதாவை மடித்து லாரிக்குள் வைத்தாள். மேடையில் தான் சொன்னதே அதற்குப் பதிலாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு நடிகையின் மேல் அருவருப்புப் படக்கூட அவளுக்குச் சௌகரியமில்லாமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. தலைப்புக்குக் கீழே, நடிகர்கள் பெயருக்கும் பிறகு, சின்ன எழுத்தில் சூத்ரதார் கேதகி சப்னிஸ். அப்பா அதைக் கத்தரித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றுப்பயணத்தில் சந்தித்த மிகப் பெரிய சிக்கல் எது என்று கேட்டார். கொங்கணத்து அரங்கம் ஒன்றில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதையும், விளக்குகளை இரண்டாகப் பிரித்து இணைத்துச் சமாளித்ததையும் கேதகி படம் வரைந்து விளக்கினாள். அது உண்மையில் நடந்ததுதான். தேர்வாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அரங்க நிர்வாகத்தோடு உறவு எப்படி என்று துறைத்தலைவர் கேட்டதற்கு, முன்கூட்டியே பேசிவைத்தால் எல்லோரும் ஒத்துழைக்கிறார்கள் என்றாள்.

அந்த வருடம் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். முதலாண்டு மாணவிகள் பலருக்குக் குழுக்களில் சேர ஆசை இருக்கிறது, ஆனால் வீட்டில் பயப்படுகிறார்கள், நீ ஒருநாள் வந்து அவர்களிடம் தைரியமாகப் பேசவேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டுக்கொண்டார்.

எந்தத் தேதி என்று கேட்டாள் கேதகி.