இறங்கிக்கொண்டே போன கிராவிட்டி

பெங்களூரில் ஜெரின் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த கடையை மூடியபோது, அங்கிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனும், அளவு பார்க்கும் கண்ணாடி மிதவையும்தான். இப்போது புதுச்சத்திரத்தில் ஒரு லாரி பேட்டரிக் கடையில் வேலை. சேலம் அஸ்தம்பட்டி வாடகை வீட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவான்.

மனைவி ஆன்சிக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் இரவு டூட்டி. காலையில் அவள் வண்டி வாசலில் ஏறும்போது இவன் வண்டி இறங்கும். சாப்பாடு எடுத்து வைத்திருப்பதைச் சொல்வதற்கு மேல் பேச இருவருக்குமே தெம்பு இருக்காது. ஜெரினின் அப்பா சூசைமாணிக்கம் முன்னறையில் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். மனைவி இறந்ததோடு விட்டுவிட்டார்.

புதிதாக ஓர் இடம் திறக்கப்போகிறது, கூப்பிடுகிறேன் என்று பெங்களூர் நண்பன் சொல்லியிருந்தான். அதுவரை கை மறந்துவிடக் கூடாது என்றுதான் ஜெரின் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பின்னறையில் ஒரு கேன் பீர் போட்டான். சேலத்து வெயிலுக்கு அது கெடாமல் இருக்க, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துண்டைச் சுற்றி வைத்தான்.

பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அந்த மிதவைதான் சொல்லும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன மிதவை ஆழமாக இறங்கும், கிராவிட்டி என்கிற அந்த அடர்த்தி அளவு குறையும். குறைவது நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடித்துவிடும்.

1.012இல் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். அங்கே வந்து நிற்கவும் செய்தது. உறுதிப்படுத்திக்கொள்ள அடுத்த ஞாயிறு பார்த்தபோது 1.010 காட்டியது.

சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்று தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தான். சூடு எப்போதும் இருப்பதுதான். மிதவையின் உள்ளே இருக்கும் அளவுக் காகிதம் நழுவிவிட்டதோ என்று சுத்தமான தண்ணீரில் விட்டான். சரியாக 1.000. வேறு ஏதாவது கிருமி புகுந்திருந்தால் புளித்திருக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்தான். புளிப்பில்லை. ஆனால் சப்பென்று இருந்தது. கைப்பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். பேட்டரிக் கடையிலும் நாளெல்லாம் ஆசிட்டின் கிராவிட்டி பார்ப்பதுதான் வேலை. அங்கே தப்பாமல் சொல்லும் கைக்கு வீட்டில் மட்டும் என்ன ஆயிற்று என்று அலுப்பாக இருந்தது.

கடைசியாக ஒன்று செய்தான். கேனிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு பாட்டிலில் மூடி, வண்டியின் டூல் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டையும் பார்த்தான். பாட்டிலில் இருந்தது அதே 1.010. கேன் 1.009.

ஆக, பீரில் கோளாறு இல்லை. கேனைத்தான் யாரோ திறக்கிறார்கள். பீரை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

பகலெல்லாம் வீட்டில் விழித்திருப்பவர் ஒருவர்தான். ஜெரின் முன்னறைக்குப் போய் டிவியை அணைத்தான். அம்மா சாவுக்கு அப்புறம் கொடுத்த வாக்கெல்லாம் எங்கே போனது என்று கேட்டான். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. கிழவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் சுருங்கியது.

"நான் அந்த ரூமுக்கே போறதில்ல சாமி" என்று மட்டும் சொன்னார்.

ஆன்சி படுக்கையறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, கண்கள் சிவந்திருந்தன.

"மாமாவக் கேக்காதீங்க. நாந்தான் எடுத்தேன்."

ஜெரின் அவள் பக்கம் திரும்பினான். அவளே சொன்னாள். காலையில் வந்து படுத்தால் கண் மூடுகிறதே தவிர தூக்கம் வருவதில்லை. கூட வேலை பார்த்த பெண் நின்றுவிட்டதால் மாதக்கணக்கில் இரவு டூட்டி மாறவே இல்லை. ஒரு டம்ளர் குடித்தால் கொஞ்ச நேரமாவது தூங்க முடிகிறது.

"தண்ணி ஊத்துனா அளவுல தெரியும்னு உனக்குத் தெரியாதா?" என்றான் ஜெரின். இதைவிடப் பெரிய கேள்விகள் இருந்தன. அந்த நேரத்தில் இதுதான் வந்தது.

"தெரியுங்க. லேப்ல மூத்திரத்துக்கு நானும் அந்த கிராவிட்டியத்தானே பாக்கறேன்." அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "என்னிக்காவது பாத்துட்டு, ஏன்டி தூங்கறதில்லயான்னு கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க தெர்மாமீட்டர மாத்தி மாத்தி வெச்சீங்க."

சூசைமாணிக்கம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தன்னால் அவர்கள் பேச முடியாமல் போகக்கூடாது என்று நினைத்திருப்பார். ஜெரின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளைத் திட்ட நினைத்தான், அதற்கும் சக்தி இல்லை. அவள் சுவரில் சாய்ந்தபடியே, எத்தனை நாளாய் எதையெதையெல்லாம் சொல்ல நினைத்தாள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். லேபில் ரத்தம் எடுத்த ட்யூப்களில் பெயர் மாற்றி ஒட்டிவிட்டுக் கடைசி நொடியில் கண்டுபிடித்ததைச் சொன்னபோது அழுதாள்.

அப்பா திரும்பியதும் ஜெரின் டீ போட்டுக் கொடுத்தான். தப்பாப் பேசிட்டேங்கப்பா என்றான். அவர் டீயை வாங்கிக்கொண்டார். சில நாள் மகனிடம் தேவைக்கு மட்டும் பேசினார். மருமகளை மட்டும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேனை ஜெரின் பாத்ரூம் குழியில் திறந்துவிட்டான். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆன்சியோடு மருத்துவமனைக்குப் போனான். புது ஆள் வரும்வரை பகல் டூட்டி கிடையாது என்றார்கள். இருவரும் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு ஆன்சி உள்ளே போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மழைக்காலம் தொடங்கும்போது, ஏற்காடு ரோட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் பகல் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு.

தூக்கம் உடனே வந்துவிடவில்லை. படுத்துப் புரண்டுகொண்டே இருப்பாள். ஜெரினும் விழித்துக்கொள்வான். எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள், பேச்சின் நடுவே யாராவது ஒருவர் தூங்கிப்போவார்கள். பெரும்பாலும் அவன்தான்.