அருளம்பலத்தாரின் வரவுப் பாட்டு

இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது ரூபா. எண்பத்து நாலாம் ஆண்டு பங்குனி மாதம் தொடக்கம் அருளம்பலம் சீவரத்தினத்துக்குக் கொடுக்க வேண்டிய காசு. நாடகம் பழக்கப் பேசினது மூவாயிரம். முற்பணமாக வந்தது அறுநூற்று அறுபது. மிச்சம் நாடகம் முடிந்த பிறகு என்றார். நாடகம் முடிந்தது, அவருடைய பேச்சும் அதோடு முடிந்தது.

காசைக்கூடச் சீவரத்தினம் பொறுத்திருப்பான். பொறுக்க முடியாமல் போனது நோட்டீசு. பகலில் மேசன் வேலை, பொழுதுபட்டால் இசை நாடகம் பழக்குவது என்று பண்டத்தரிப்பிலும் சுற்றுவட்டத்திலும் பதினொரு நாடகம் மேடையேற்றிய அண்ணாவி அவன். யார் எங்கே நிற்பது, யாருக்கு என்ன சுருதி, திரை எப்போது விலகுவது, எல்லாம் அவன் சொல்தான். ‘செங்கமலவல்லி’க்கு ஆறு மாதம் தொண்டை கிழியப் பழக்கினான். அச்சாகி வந்த நோட்டீசில் ‘நெறியாள்கை: புகையிலை வர்த்தகர் அருளம்பலம்’ என்று கிடந்தது. அரச வேடம் கட்டினவரும் அவரேதான். அதற்குப் பிறகு நாடகம் கேட்டு வந்த ஊர்க்காரர் எல்லாம் அருளம்பலத்தின் படலையைத் தட்டினார்கள். சீவரத்தினம் வெறும் ஆர்மோனியக்காரன் ஆகிப்போனான்.

“ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோவன்,” என்பாள் மனைவி நாகேஸ்வரி.

“கேக்க மாட்டன். எடுப்பன்.”

ஒன்பது வருடம் அதையே மென்றுகொண்டு திரிந்தான். சண்டை வந்தது, கரண்ட் போனது, சீமெந்து கண்ணால் காணாத பண்டமானது. தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், சுண்ணாம்பைக் குழைத்து மதில் கட்டிக்கொண்டு நின்றபோது அருளம்பலம் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“சீவரத்தினம், மாசித் திருவிழாவுக்குச் செங்கமலவல்லியைத் திரும்பப் போடுவம். என்ரை ஆர்மோனியக்காரன் கொழும்புக்கு ஓடிட்டான். கனடாவிலை இருக்கிற மகனுக்குக் கசெற்றிலை அடிச்சு அனுப்ப வேணும்.”

“பழைய காசு, அண்ணை?”

“அட, அதை இன்னும் மறக்கேல்லையே நீர்? எல்லாம் சேத்துப் பாப்பம்.”

“நோட்டீசிலை என்ரை பேர்?”

“பள்ளிக்கூடக் கொப்பிக்கே பேப்பர் இல்லை. நோட்டீசுக்கு எங்கை போறது?” என்று சிரித்தார்.

சீவரத்தினமும் சிரித்தான். “ஓம் அண்ணை. பழக்கிறன்.”

எல்லாரையும் ஒழுங்காகவே பழக்கினான். நாயகி வேடம் கட்டிய நடராசா குரலில் தேன் வடிந்தது. அருளம்பலத்துக்குத்தான் அறுபத்தொரு வயது, இழுப்பு வேறு. இரண்டு கட்டைச் சுருதிக்கு மேலே அவருக்குக் குரல் இல்லை. அதிலும் உச்சம் வந்தால் பாதியில் விட்டுவிடுவார்; ஆர்மோனியத்தில் இருக்கிறவன் பின்பாட்டாக அந்த வரியை எடுத்துப் பாடி மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். மேடையில் அது வழக்கம்.

“பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்,” என்றான் சீவரத்தினம்.

இரவில் வெளிச்சம் வைத்தால் குண்டு போடப் பொம்பர் வரும் என்று பின்னேரம் நாலு மணிக்கே நாடகம் தொடங்கியது. கோயில் வீதி நிரம்பச் சனம். மேடையோரம் வின்சன்ற் என்ற பொடியன் ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். அந்த டைனமோக் கரண்டில் கசெற் ஓடியது.

திரைக்குப் பின்னால் நின்று அரச வேடத்தில் அருளம்பலம் வரவுப் பாட்டின் முதல் அடியைப் பாடினார். இரண்டு கட்டை. சனம் கைதட்டியது. திரை விலக, கிரீடமும் பளபளப்புமாக முன்னால் வந்தார். இரண்டாம் அடிக்குச் சீவரத்தினம் மூன்று கட்டையில் விரலை வைத்தான். அரசருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் அடிக்கு நாலு.

குரல் ஏறியது, கீறியது, பிளந்தது. அரசர் ஆர்மோனியத்தைப் பார்த்தார். பின்பாட்டு வரவில்லை. சுருதி மட்டும் ஈயென்று நின்றது.

“எடடாப்பா பாட்டை!” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சீவரத்தினம் ஆர்மோனியத்தின் கால்துருத்தியை விடாமல் மிதித்தபடி சொன்னான்: “ரெண்டாயிரத்து முன்னூற்று நாப்பது, அண்ணை.”

முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. “ராசாவிட்டைக் கடன்காரன் வந்திட்டானடா!” என்று ஒருவன் கத்தினான். “கிரீடத்தை அடகு வையுங்கோ, மகாராசா!” என்றான் இன்னொருவன். வீதி முழுக்கக் கூக்காட்டியது.

“நான் மிதிக்கிறதோ நிப்பாட்டிறதோ?” என்றான் வின்சன்ற்.

“மிதி. வடிவா மிதி,” என்றான் சீவரத்தினம். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சுகத்தை அவன் கண்டதில்லை.

அருளம்பலம் கிரீடத்தைக் கழற்றினார். வேர்வையைத் துடைத்தார். கசெற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வியாபாரக் குரலில் உரக்கச் சொன்னார்: “மகாசனங்களே! இந்த நாடகத்தைப் பழக்கினது, நெறிப்படுத்தினது, சுருதி போட்டது எல்லாம் பண்டத்தரிப்புச் சீவரத்தினம். அவர் பழக்கின மாதிரித்தான் நான் பாடினனான்.”



“ஓ! உவரே பழக்கினவர்?” என்றது ஒரு கிழக்குரல். “அண்ணாவியாரே, போய் மதிலைக் கட்டும்!” என்றது வேறொன்று. இப்போது கூக்காட்டல் ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பியது. மேடைக்கு மண்கட்டி வந்து விழுந்தது. திரையை இழுத்துவிட்டார்கள். சேலையும் பொட்டுமாய் நின்ற நடராசா, “நான் வாய் திறக்கவே இல்லையே, அண்ணாவி,” என்று அழுதான்.  ஒன்பது வருடமாக அருளம்பலத்தின் தொண்டையையே நினைத்துக்கொண்டு கிடந்த சீவரத்தினம், விழப்போவது தன்னுடைய நாடகம் என்பதை ஒருநாளும் நினைக்கவில்லை.

அடுத்த நாள் மானிப்பாயிலிருந்து ஆள் வந்தது. தங்கள் கோயில் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்க அவனைப் பேசியிருந்தது வேண்டாமாம்.

அதற்கடுத்த நாள் அருளம்பலம் மதிலடிக்கே வந்தார். குரல் அடைத்துக் கிடந்தது.

“இந்தாரும். எண்ணும்.”

எண்ணினான். இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது. ஒன்பது வருடத்துக்கு முதல் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்து மேய்ந்திருக்கலாம் அந்தக் காசில்; இப்போது இரண்டு கிழமைச் சாமானுக்கும் காணாது.

“கசெற்றைக் கனடாவுக்கு அனுப்பப் போறன்,” என்றார் அருளம்பலம். “உம்மடை பேர் நல்லாத் தெளிவாக் கேக்குது.”

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். பற்றுச்சீட்டு. ‘நாடக நெறியாளர் சீவரத்தினம் ஆகிய நான், முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்று முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவன் பெயரோடு நெறியாளர் என்ற சொல் எழுத்தில் வந்தது அதுதான் முதல்தரம். சீவரத்தினம் அதை இரண்டு முறை வாசித்தான். சுண்ணாம்புக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தான்.

அருளம்பலம் மை காயும்வரை ஊதினார். துண்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.