லிஃப்ட் வாசல்

கோழிச்சாற்றைத் தேக்கரண்டியில் எடுத்துப் பெல்லேயின் வாயருகே பிடித்தாள் புஷ்பமலர். நாக்கு வெளியே வரவில்லை. கரண்டியை இன்னும் கொஞ்சம் சரித்தாள். சாறு மீசையில் வழிந்து, பெல்லேயைச் சுற்றியிருந்த ரிஷியின் பழைய குளிர்ச்சட்டையில் இறங்கியது.

"விடுமப்பா," என்றார் புருஷன் ஆனந்தராஜா.

அவள் விடவில்லை.

பெல்லே ஒரு ஃபெரட். கீரிப்பிள்ளையின் சாயல்; நீண்ட உடம்பு, திருட்டு முகம். மகன் ரிஷிகேசன் தன் பதினாறாவது பிறந்தநாளுக்கு அடம்பிடித்து வாங்கியது. வீடு நாறுகிறது என்று அப்போது தினமும் ஏசியவள் புஷ்பமலர்தான். ரிஷி போன பிறகு, அந்த மணம் போய்விடுமென்று அவள் ஜன்னலைத் திறப்பதேயில்லை.

2005 இலையுதிர் காலத்தில் பெல்லேயின் வாலில் ரோமம் கொட்டத் தொடங்கியது. பிறகு இடுப்பு. பிறகு முதுகு. மிருக வைத்தியர் ஒரு இளம் நோர்வேப் பெண். ஸ்கான் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். சிறுநீரகத்தின் பக்கத்தில் ஒரு சுரப்பி; வலது பக்கத்துச் சுரப்பியில் கட்டி. வெட்டி எடுக்கலாம். ஆனால் அது பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டிக் கிடக்கிறது. கத்தி இம்மி விலகினால் மேசையிலேயே முடிந்துவிடும். தப்பினால் இன்னும் சில வருடம் ஓடித்திரியும். வெட்ட வேண்டாமென்றால் மாதமொரு ஹார்மோன் ஊசி. ரோமம் முளைக்கும், சாப்பிடும், விளையாடும். உள்ளே கட்டி மட்டும் தன்பாட்டில் வளரும்.

இருவருக்கும் நோர்வே மொழி நன்றாகவே விளங்கும். ஆனாலும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று இருவரும் சும்மா இருந்தார்கள்.

அந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. இரண்டு வருடம் முன்னால், வேறொரு ஆஸ்பத்திரி, வேறொரு ஸ்கான் படம். அது ரிஷியின் மூளை. வீட்டுக்குக் கொண்டுபோவோம், இருக்கிற நாளை எங்களோடு இருக்கட்டும் என்று அவள் சொன்னாள். வெட்டினால் பிழைப்பான் என்று அவர் நின்றார். அவர் சொன்னபடியே வெட்டினார்கள். ரிஷி கண் விழிக்கவில்லை.

எரிக்கிற அன்று ஆண்கள் இந்த ஏழாம் மாடி வீட்டிலிருந்துதான் புறப்பட்டார்கள். அவளும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வாசல் வரை வந்தாள். ஆனந்தராஜாவின் தமையன் ரவீந்திரன் குறுக்கே கை நீட்டினார். "எங்கடை முறையிலை பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை, பிள்ளை." அவள் புருஷனைப் பார்த்தாள். ஆனந்தராஜா லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடிக்கொண்டது.

வெட்டியதைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் அவள் பிறகு ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

வைத்தியரின் அறையில் அவர் தொண்டையைச் செருமினார். "இந்தமுறை நீர் சொல்லும்."

"ஊசி," என்றாள். யோசிக்கவேயில்லை.

ஊசி வேலை செய்தது. மார்கழியில் வாலில் பஞ்சுபோல ரோமம் முளைத்தது. தைப்பொங்கலன்று, படைத்த பானைக்குப் பின்னாலிருந்து பாய்ந்துவந்து ஆனந்தராஜாவின் காலுறையைக் கழற்றிக்கொண்டு ஓடியது பெல்லே. புஷ்பமலர் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தை அவர் கேட்டு எவ்வளவு காலம்! குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார்.

இன்று காலை பெல்லே எழும்பவில்லை.

அவர் போன் பண்ணினார். கொண்டுவந்தால் நோகாமல் உறங்க வைக்கலாம் என்றார்கள். வந்து சொன்னார்.

"அங்கை மேசையிலை வேண்டாம்," என்றாள். "இஞ்சை. மடியிலை."

மத்தியானத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. மீசையிலிருந்த சாற்றை முந்தானையால் துடைத்தாள். காதுகளை நீவிவிட்டாள். வெளியே பனி வழிக்கிற வண்டி போய்த் திரும்பியது.

"வெட்டியிருந்தா தப்பியிருக்குமோ?"

"தெரியாது, மலர்," என்றார்.

"ஓம்," என்றாள். பெல்லேயின் முதுகைத் தடவியபடியே, "அண்டைக்கும் தெரியாதுதானே," என்றாள்.

அவர் எழுந்து சப்பாத்துப் பெட்டியொன்று தேடப் போனார்.

நிலம் உறைந்து கிடந்தது, மண்வெட்டி இறங்காது. எரிப்பதற்கு வைத்தியரிடம்தான் கொடுக்க வேண்டும். குளிர்ச்சட்டையோடு பெல்லேயைப் பெட்டிக்குள் வைத்தாள் அவள். அவர் கார்ச்சாவியை எடுத்தார், பெட்டியைத் தூக்கினார், கொடுத்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்து வெளியே வந்து பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட் வந்து திறந்தபோது பின்னால் வீட்டுக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பினார். சேலைக்கு மேலே தடித்த கோட்டு. சப்பாத்து நாடா கட்டவில்லை.

"தாருங்கோ," என்று கையை நீட்டினாள்.

கொடுத்தார்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். மூட வந்த கதவைக் காலால் தடுத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, அவருக்கு இடம் விட்டாள்.