மூன்றரைக் கிலோ

காற்று விமானத்தின் இறக்கையைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டிவிடும் என்று கொட்டகைக் கதவைச் சாத்தியிருந்தோம். மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று தராசுகள். பரிசோதகர் ஹினெக் மண்டியிட்டு எண்களைக் கூட்டினார்.

"முந்நூத்தி மூணரை. மூணரைக் கிலோ ஜாஸ்தி, போஜெனாம்மா. முந்நூறைத் தாண்டினா நான் கையெழுத்துப் போட முடியாது."

புயலில் கவிழ்ந்து, இறக்கை நொறுங்கி, வால் முறிந்து எங்களிடம் வந்த குட்டி விமானம் அது. நானும் என் கணவர் ஓட்டகரும் இரண்டு குளிர்காலம் செலவழித்து அதை நிமிர்த்தியிருந்தோம். இன்று விட்டால் ஹினெக் மறுபடி வருவது செப்டம்பர் கடைசியில். பறப்பதற்கான என் மருத்துவச் சான்று அக்டோபரோடு முடிகிறது. எழுபத்து நான்கு வயதுக்காரிக்கு அதை இன்னொரு முறை யார் கொடுப்பார்கள்? எனக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு கோடைதான்.

"பெயின்ட் ரெண்டு கோட்டு அடிச்சியா, ஓட்டா?"

"ஒண்ணுதான்! உன் சமையலைச் சாப்பிட்டு ஊதினது நான், விமானம் இல்ல."

ஹினெக் உள்ளே தலையை விட்டார். "இந்த சீட்டு ஏது? இரும்புச் சட்டம் போட்டிருக்கே."

நான் மூலையைப் பார்த்தேன். அங்கே எங்கள் பழைய விமானம் 'வண்டு' இழுவண்டியில் கட்டப்பட்டு நின்றது. குழாய்கள் அரித்துப்போய், இறக்கைத் துணி விரல் பட்டாலே கிழிந்தது. விடுதிக்காரர் மார்ட்டினெக், ஆட்கள் பீர் குடிக்கும் தன் தோட்டத்துக்கு மேலே தொங்கவிட அதைக் கொண்டுபோக வந்திருந்தார்.

"வண்டோட சீட்டா?" ஓட்டகர் கத்தினார். "அடிப்பாவி! என்கிட்ட சொல்லாமலா மாத்தினே?"

"இருபத்தாறு வருஷம் அதுல உட்கார்ந்தேன். என் முதுகுக்கு அதைத்தான் தெரியும்."

நான்கு திருகுகளைக் கழற்றி, சீட்டைத் தூக்கிப்போய் வண்டிலேயே மாட்டினேன்.

"யாரும்மா அதுல உட்காரப் போறாங்க?" என்றார் மார்ட்டினெக்.

"யாரும் உட்கார வேணாம். அது முழுசாப் போகணும்."

இந்த விமானத்தின் சொந்த லேசான சீட்டை வைத்து மறுபடி எடை போட்டோம். "முந்நூத்தி ஒண்ணு," என்றார் ஹினெக்.

ஓட்டகரைப் பார்த்தேன். "காது ஏன் சிவக்குது?"

"வெயில்."

"கதவைச் சாத்தின கொட்டகைக்குள்ளயா?"

அவர் எஞ்சின் மூடியைத் திறந்தார். உள்ளே வண்டின் பாட்டரி. பெரிய, பழைய ஈய பாட்டரி.

"எந்தக் குளிர்லயும் ஒரே தட்டுல கிளப்பும்," என்று முனகினார். "புதுசை நம்ப மனசு வரல."

"என்னைத் திட்டின வாய் இதுதானா? காட்டு பாப்போம்!"

ஹினெக் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாட்டரியும் வண்டுக்கே திரும்பிப் போனது; அதன் இடத்தில் புதிய லேசான பாட்டரியை மாட்டினோம். ஓட்டகர் வண்டின் மூக்கை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்; நான் பார்க்காததுபோல இருந்தேன்.

"இருநூத்தித் தொண்ணூத்தெட்டு!" காகிதத்தை என் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார் ஹினெக். "சோதனைப் பறப்பு யாரு?"

"கேக்கணுமா?" என்று அதற்குள் ஏறிவிட்டேன்.

பாதி ஓடுபாதைகூட ஆகவில்லை, சக்கரம் புல்லை விட்டது. வண்டாக இருந்தால் இன்னும் முக்கிக்கொண்டிருக்கும்.

"போஜெனா! மூக்கைக் கீழ தள்ளு!" ரேடியோவில் அலறினார் ஓட்டகர்.

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்! மேலதான் போவேன்னு நிக்குது!"

கீழே வண்டைச் சுமந்த இழுவண்டி சாலையில் ஏறியது. அதன் தலைக்கு மேல் தாழ்ந்து ஒருமுறை இறக்கையை ஆட்டினேன். பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பினேன்.

"ஒரு சுத்து போதும், இறங்கு!"

"மூணு!" என்றேன். "அப்புறம் யோசிக்கிறேன்."