தலையில்லாத சமையல்காரனைத் தாண்டுதல்

திரும்ப நினைத்தும் உடம்பு திரும்ப மறுக்கிற அந்த ஒரு கணத்தில்தான் மனித குலத்தின் ஆதி பயம் குடியிருக்கிறது. இசொகாய் நோரியோ இதை இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தார். கடைசியாகச் சொன்னது ஒசாகாவில் ஒரு தொழிற்கல்லூரியின் மூன்றாம் மாடியில். கேட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் ஏ.சி.யைப் பழுதுபார்க்க வந்தவர்.

பாழடைந்த வெந்நீரூற்று விடுதி ஒன்றில் ஒரு நர்ஸ் மாட்டிக்கொள்கிறாள். தலையில்லாத சமையல்காரன் கத்தியோடு அவளைத் தேடி வருகிறான். இசொகாய் உருவாக்கிய அந்த வீடியோ கேம் ஒரு காலத்தில் நாடு முழுக்க ஓடியது. அதில் மேல் பட்டனை அழுத்தினால் நர்ஸ் தன் முகம் பார்க்கும் திசையில் நடப்பாள். இடது, வலது பட்டன்கள் நின்ற இடத்திலேயே அவளைக் கிரேன் மாதிரி திருப்பும். கேமரா சுவர் மூலையில் ஆணி அடித்ததுபோல் நகராது. ஆகவே அவள் நம்மைப் பார்த்து ஓடி வரும்போது இடது என்றால் வலது, வலது என்றால் இடது. விளையாடியவர்கள் பேயோடு போராடியதைவிடச் சுவரோடு போராடியதுதான் அதிகம். அன்றைய கேம் பெட்டிக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை, அவ்வளவுதான் காரணம். அது தத்துவமானது ஒரு பத்திரிகைப் பேட்டிக்குப் பிறகு.

இப்போது கம்பெனி அதே கேமைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. புது முறையில், தள்ளிய பக்கம் நர்ஸ் ஓடுவாள். பழைய முறையும் உள்ளே இருந்தது, தொட ஆளில்லாமல். அந்தப் பழைய முறைக்கு மட்டும் ‘மேற்பார்வை: இசொகாய்’ என்று பெயர் போடுவதாக ஏற்பாடு. அதுவும் போனால் அவருக்கு மிச்சமிருப்பது ஜன்னலோர மேசை. ஓய்வு வயதுவரை வேலை எதுவும் கொடுக்காமல் வெளிச்சத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

துறைத்தலைவர் துனோதாவும் அவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“பழசைத் தூக்கிரலாம்னு சின்னவங்க சொல்றாங்கடா. நீ என்ன சொல்ற?”

“தூக்கினா அது தலையில்லாத கேம் ஆயிரும், துனோதா.”

“தலையில்லாத ஆளு ஏற்கனவே ஒருத்தன் இருக்கானே. சரி, வியாழக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பழைய முறையில முதல் தாழ்வாரத்தைத் தாண்டிக் காட்டு. மனுசன் கைக்கு வரும்னு தெரிஞ்சா வச்சுக்கலாம்.”

“வரும்” என்றார் இசொகாய்.

கட்டம் போட்ட தாளில் தாழ்வாரங்களை வரைந்தவர் அவர். ஓட்டிப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அவர் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்று “ம்” என்பார்.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கிப் பழகத் தொடங்கினார். மனைவி ஃபுசாயே பக்கத்தில் உட்கார்ந்து சீமைப் பனிச்சைப் பழத்தைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு ஏன் சுவத்தையே மோந்துக்கிட்டு நிக்கிறா?”

“திரும்பப் போறா.”

“திங்கக்கிழமைலேர்ந்து திரும்பப் போறாளே.”

“இதுதான் பயம். உனக்குப் புரியாது.”

“எனக்குப் பயமா இல்லைங்க. பாவமாத்தான் இருக்கு.”

புதன்கிழமைக்குள் கட்டைவிரல் கன்றிப்போனது. ஒருமுறை சமையல்காரனைத் தாண்டியும் விட்டார். எப்படித் தாண்டினோம் என்று மட்டும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மீட்டிங் அறையில், புதுக் கேமைப் பொறுப்பெடுத்துச் செய்யும் நிகைடோ என்ற பெண் இரண்டு கையாலும் கன்ட்ரோலரை நீட்டினாள். ‘பழைய இயக்கமுறையில் தொடங்கலாமா?’ என்று திரை கேட்டது. பதில் சொல்ல கன்ட்ரோலரில் வட்டம், பெருக்கல் குறி என்று இரண்டு பட்டன்கள். இசொகாய் தலைமுறைக்கு வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தப்பு. பள்ளி வாத்தியார் விடைத்தாளில் போட்டதும் அப்படி, பழைய கேம்களில் இருந்ததும் அப்படி. புதுப் பெட்டியிலோ வெளிநாட்டு வழக்கத்துக்கு இணங்க இரண்டையும் மாற்றி வைத்துவிட்டார்கள். இசொகாய் முத்திரை குத்துவதுபோல வட்டத்தை அழுத்தினார். நிகைடோ வாயைத் திறந்தாள். துறைத்தலைவர் எதிரில் மூத்தவரைத் திருத்துவது அங்கே வழக்கமில்லை. மூடிக்கொண்டாள்.

முதல் தாழ்வாரத்தில் கேமரா நர்ஸின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேலே தள்ளினார், போனாள். திருப்பம் வந்தது. வலது பக்கம் தள்ளினார், சுவரில் முட்டாமல் வளைந்து ஓடினாள். பயிற்சி கைக்குள் இறங்கிவிட்டது என்று இசொகாய்க்குப் புல்லரித்தது.

“பாருங்க” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “கையைக் கட்டிப்போட்டாத்தான் மனசு ஓடும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. பழகணும். பழகிட்டா இப்படித்தான், மூச்சு விடற மாதிரி.”

சமையல்காரன் கத்தியை ஓங்கினான். நர்ஸ் அவன் இடுப்போரம் நழுவிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

“அட, நானே அசந்துட்டேன்” என்றார் துனோதா. “நிகைடோ, பழைய முறை இருக்கட்டும்னு சொல்லிடுங்க.”

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நிகைடோ தலை குனிந்தாள். “மன்னிக்கணும். இசொகாய் சான் இப்ப ஓட்டினது... புது முறைங்க.”

நிகைடோ கன்ட்ரோலரைச் சுட்டிக்காட்டினாள்.

“வட்டத்தை அழுத்தினீங்க. இதுல வட்டம்னா வேணாம்னு அர்த்தம்.”

துனோதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, அதனால என்ன. இப்ப பெருக்கலை அழுத்தி இன்னொரு தடவை காட்டு.”

காட்டினார். திருப்பத்தில் நர்ஸ் சுற்றினாள், அதிகமாகச் சுற்றினாள், செருப்பு அலமாரியில் முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள். இருந்த இடத்திலேயே நடந்தாள். தாழ்வாரக் கோடியிலிருந்து சமையல்காரன் புறப்பட்டான். அவன் மெதுவாக வரவேண்டும், ஆளைக் காக்கவைத்துக் கொல்லவேண்டும் என்று அந்தக் காலத்தில் பிடிவாதம் பிடித்தவர் இசொகாய்தான். மெதுவாகத்தான் வந்தான். அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தி இறங்கும் ஓசை மட்டும் நல்ல துல்லியமாகக் கேட்டது. அது புது ஒலிப்பதிவு.

“கடைசியில நன்றி சொல்ற இடத்துல உன் பேரைப் போட்டுடலாம்டா” என்றார் துனோதா, தோளைத் தொட்டு. “எழுத்து சின்னதாத்தான் இருக்கும்.”

“ம்” என்றார் இசொகாய்.

எல்லோரும் உடோன் நூடுல்ஸ் சாப்பிடக் கிளம்பினார்கள். வாசலில் நிகைடோ நின்றாள். “நீங்க வரலீங்களா?”

“நீங்க போங்க. பின்னால வரேன்.”

பேர் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சில நிமிடம் கை அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. திரும்ப நினைத்தும் உடம்பு திரும்ப மறுக்கிற, என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. மீதி வாக்கியத்துக்கு இனி ஆளில்லை; அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் யார் என்றே சந்தேகமாக இருந்தது.

திரை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. வட்டத்தை அழுத்தினார். நர்ஸ் தள்ளிய பக்கமெல்லாம் ஓடினாள். சமையல்காரனைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, மாடிப்படி ஏறினாள்.

அந்த மாடியை வரைந்தவர் அவர்தான். தன் கையால் ஏறிப் பார்த்தது அன்றைக்குத்தான்.